போக ஏழரை, வர ஏழரை

என் மகன் சவுத்தின் திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை பிற்பகல், எங்கள் வீட்டு வாசலில் நடந்ததைப் பற்றி லகுபோத்தி சந்தையில் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். தாய்மாமனை நான் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன் என்கிறார்கள். தாய்மாமன் என்னை அடித்தார் என்கிறார்கள். மூன்றாவது, பன்றி சம்பந்தப்பட்டது, அதை எழுத எனக்கு விருப்பமில்லை. நடந்தது நடந்தபடி இதுதான்.

எங்கள் தோபா மக்களிடம் பெண் கொடுத்த வீட்டார்தான் எல்லாருக்கும் மேல். மாப்பிள்ளையின் தோளில் தாய்மாமன் உலோஸ் துணியைப் போர்த்தினால்தான் அது திருமணம். பாதிரியார், மோதிரம், அரசாங்கப் பத்திரம் எல்லாம் அதற்கு அடுத்த வரிசை. அந்தத் தாய்மாமன் வரும்போது, வீட்டின் மூத்தவன் கோட்டு அணிந்து, தோளில் துணி சார்த்தி, மேளத்தோடு வாசலில் நின்று, கை கூப்பி அழைக்க வேண்டும். வாசலில் ஆள் இல்லை என்றால் அவர் அப்படியே திரும்பிப் போகலாம். போனால் துணியும் அவரோடு போய்விடும். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பெரியப்பா வீட்டில் ஒருமுறை அப்படி நடந்தது. ஐம்பத்தோரு வருடம் ஆகிறது. அந்த வீட்டுப் பேரனுக்குப் பெண் கேட்டுப் போனால் இன்றும் முதலில் வருவது அந்தப் பேச்சுதான்.

எனக்கு எழுபத்து மூன்று வயது. சிபராணி குடும்பத்தில் இப்போது நான்தான் மூத்தவன். என் காலத்தில் வாசல் ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை.

சவுத்தின் தாய்மாமன், அதாவது என் மனைவி ருமொண்டாங்கின் அண்ணன், பெயர் ஜபாங்குன் நபிதுபுலு. பப்புவாவில் சென்தானி ஏரிக்கரையில் மரக்கடை வைத்திருக்கிறார். நாட்டின் மேற்கு முனையில் எங்கள் தோபா ஏரி, கிழக்கு முனையில் அவருடைய ஏரி. நடுவில் எவ்வளவு தூரம் என்று என் மகள் லம்ரியாவைப் பார்க்கச் சொன்னேன். நடுநிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறாள். எங்கள் சிலாங்கித் விமான நிலையத்திலிருந்து சென்தானி விமான நிலையம் வரை நேர்கோட்டில் நாலாயிரத்து அறுநூற்று நாற்பது கிலோமீட்டர் என்று கைபேசியில் பார்த்துச் சொன்னாள். அதை அழைப்பிதழில் மாமனின் பெயருக்குக் கீழே அச்சிடச் சொன்னேன். அச்சகத்துக்காரர் இரண்டு முறை போன் செய்து, இது தவறுதலாக வந்துவிட்ட எண்ணா என்று கேட்டார். இல்லை என்றேன்.

இது என் பங்காளி மாருலிக்குப் பொறுக்கவில்லை. மாருலி எங்கள் குடும்பத்துச் சபைகளில் பேசுகிறவன். நல்ல குரல். மற்ற நேரங்களில் அந்தக் குரல் கள்ளுக்கடையில் இருக்கும். அவனுடைய மனைவி வீட்டார் போர்செயாவிலிருந்து வருகிறவர்கள். மினிபஸ்ஸில் ஏறி ஒரு சிகரெட் பிடித்து முடிப்பதற்குள் வந்துவிடுவார்கள். அழைப்பிதழைப் படித்துவிட்டு, கடையில் எல்லார் முன்னிலையிலும் என்னைக் கேட்டான்.

"ஏண்ணே, வானத்துல கிலோமீட்டர் கல்லு நட்டது யாரு?"

நேர்கோட்டுத் தூரத்தை நேர்கோட்டில்தான் அளக்க முடியும் என்று அவனுக்கு விளக்கினேன். அவன் வீட்டுக்கு வரும் தாய்மாமனுக்கு நேர்கோடே தேவைப்படாது, கூப்பிட்டாலே காதில் விழும் என்றும் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதை நான் விரும்பிச் செய்யவில்லை.

அடுத்து, பயண நேரம். இதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. நான்கு வருடத்துக்கு முன் மச்சானைப் பார்க்க நான் சென்தானிக்குப் போனேன். ஜகார்த்தாவில் இரவு பத்து மணிக்கு விமானம் கிளம்பியது. நிலையத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் ஏறினேன். சென்தானியில் இறங்கும்போது அங்கே சுவரில் மணி காலை ஐந்தரை. ஏழரை மணி நேரம். விரல் விட்டு எண்ணினாலும் அதுதான் வரும்.

திரும்பும்போது நான் விமானத்தில் வரவில்லை. மச்சான் எனக்கு முதலைத் தோலில் ஒரு பெல்ட் வாங்கிக் கொடுத்திருந்தார். பித்தளைக் கொக்கி, உள்ளங்கை அகலம். விமான நிலையத்துச் சோதனையில் அதைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். தாய்மாமன் வீட்டார் கட்டிவிட்ட ஒரு பொருளை முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் முன்னால் நான் கழற்றுவதாக இல்லை. கப்பலில் வந்தேன். ஒன்பது நாள் ஆயிற்று. ஆகவே வானத்து வழியில் திரும்பி வந்த அனுபவம் எனக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழி ஒன்றுதானே.

திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பு மச்சான் தன் பயணச்சீட்டின் படத்தை லம்ரியாவின் கைபேசிக்கு அனுப்பினார். எனக்குச் சின்ன எழுத்து தெரியாது என்பதால் அச்செடுத்து வரச் சொன்னேன். வியாழன் காலை ஏழரைக்குச் சென்தானியில் புறப்பாடு. ஜகார்த்தாவுக்கு வந்து சேருவது பதினொன்று. பிறகு பன்னிரண்டே காலுக்கு ஜகார்த்தாவில் வேறு விமானம் ஏறி, இரண்டு பத்துக்குச் சிலாங்கித்.

ஏழரைக்குப் புறப்பட்டுப் பதினொன்றுக்கு வருவதென்றால் மூன்றரை மணி நேரம். போகும்போது ஏழரை எடுத்த அதே வானம். அச்சுப் பிழை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. சிவப்புப் பேனாவை எடுத்து, பதினொன்றை அடித்துவிட்டு, பிற்பகல் மூன்று என்று எழுதினேன். அப்படியானால் பன்னிரண்டே கால் விமானத்தை அவர் பிடிக்க முடியாது. அன்றிரவு ஜகார்த்தாவில் தங்கி, மறுநாள் அதே விமானத்தில்தான் வருவார். வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு எங்கள் வாசலில் இருப்பார். வெள்ளிக்கிழமை என்று எழுதி, இரண்டு கோடு போட்டேன்.

லம்ரியா அந்தத் தாளைப் படித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சிடம் பேசும் குரலில் சொன்னாள்.

"அப்பா, அங்க இருக்கிற கடிகாரம் நம்ம கடிகாரத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி ஓடுது. போறப்ப ரெண்டு கூடும், வர்றப்ப ரெண்டு குறையும். நிஜத்துல ரெண்டு பக்கமும் அஞ்சரைதான்."

கிழக்கே கடிகாரம் முன்னால் ஓடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. நானும் பள்ளிக்குப் போனவன். ஆனால் அது அங்கே குடியிருப்பவர்களுக்கு. அரசாங்கம் கடிகார முள்ளை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், தூரத்தை நகர்த்த முடியாது. லகுபோத்தியிலிருந்து பலிகேக்குப் போக எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்தான் திரும்பவும். போகும்போது ஏழரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது என் முதுகு. அதற்குத் தெரியும். இதையெல்லாம் அவளுக்குப் பொறுமையாகச் சொன்னேன்.

என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். இங்கே இரவு எட்டு மணிக்கு அவள் போன் செய்யும்போதெல்லாம் அண்ணன் அங்கே பத்து மணி என்று சொல்லித் தூங்கப் போய்விடுகிறாராம். அவர் சிறு வயதிலிருந்தே சீக்கிரம் படுக்கிற ஆள், அதற்கும் விமானத்துக்கும் சம்பந்தமில்லை என்றேன்.

"சரி, அண்ணனுக்கே ஒரு போனப் போட்டுக் கேட்டா என்ன கொறஞ்சிடும், சவுத் அப்பா?" என்றாள்.

குறைந்துவிடும். எங்கள் வீட்டில் தாய்மாமனிடம் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. அப்படிக் கேட்பது, இத்தனை மணிக்குள் வந்தால் போதும் என்று சொல்வது மாதிரி. அவர் வருவார், நாம் நிற்போம். எப்போது நிற்பது என்று தெரிந்து வைத்திருப்பது நம் பொறுப்பு. போன் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கும் அதே முறைதான். தாய்மாமன் வீட்டார் கிளம்பிவிட்டோம், இறங்கிவிட்டோம் என்று தகவல் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

முறைப்படி சபைப் பேச்சாளனான மாருலியையும் கலந்துகொண்டேன். சிவப்பு மையில் இருந்ததைப் படித்தான். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். பிறகு, அண்ணன் சொல்வதுதான் சரி, ரோடு ரெண்டு பக்கமும் ஒரே நீளம்தான் என்றான். அன்று மாலையே கள்ளுக்கடையில் எழுந்து நின்று, சென்தானியிலிருந்து வரும் தாய்மாமனுக்கு வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு வரவேற்பு, எல்லாரும் வர வேண்டும் என்று அறிவித்தும் விட்டான். நாற்பது வருடத்தில் மாருலி என்னோடு ஒத்துப்போனது அதுவே முதல் முறை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை வந்தது. சவுத் பெண் வீட்டாரோடு தேவாலயத்தில் ஒத்திகைக்குப் போயிருந்தான். வாசல் வளைவு முற்றத்தில் படுத்திருந்தது. பந்தலுக்குத் துணி இன்னும் கட்டவில்லை. மேளக்காரர்களுக்கு மறுநாள்தான் சொல்லியிருந்தது. நான் கொல்லையில் பன்றியைக் கழுவிக்கொண்டிருந்தேன். தாய்மாமனுக்கு முன்னால் வைக்கும் பன்றியைக் கழுவும் வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை. அதற்கு ஏற்ற உடையில்தான் இருந்தேன், அரைக்கால் சட்டையும் ஒரு பனியனும். பன்றிக்கு முழுக்கச் சோப்பு போட்டிருந்தேன்.

மூன்றரை மணிக்கு வீட்டுக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது.

பந்தல்காரன் என்றுதான் நினைத்தேன். வேலிக்கு மேலாகப் பார்த்தபோது, கறுப்புக் கோட்டும் தொப்பியும் தெரிந்தன. பிறகு தோளில் மடித்த துணி தெரிந்தது. மச்சான் ஜபாங்குன் வாசலுக்கு ஓர் அடி வெளியே நேராக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. பின்னால் அவருடைய தம்பி மகன்கள் இரண்டு பேர், உலோஸ் வைத்த பெட்டியையும், கயிறு கட்டிய ஒரு பனிக்கட்டிப் பெட்டியையும் சுமந்துகொண்டு. அந்தப் பெட்டியில் சென்தானி ஏரியின் கெண்டை மீன்கள். எங்களுக்குக் கொடுக்க வேண்டிய மீனை எங்கள் ஊர்ச் சந்தையில் வாங்குவது அவருக்குக் கௌரவம் இல்லை. வழியில் எங்கோ பனிக்கட்டி கரைந்திருந்தது.

என் கை தளர்ந்த அந்த ஒரு கணத்தில் பன்றி நழுவிவிட்டது. சோப்பு. அது முற்றத்தைக் கடந்து ஓடி, படுத்திருந்த வளைவைத் தாண்டி, நேராக வாசலுக்குப் போய், மச்சானுக்கு எதிரே நின்றது. மீன் வாசனைக்குத்தான் நின்றிருக்கும்.

மச்சான் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"பரவால்ல. கூப்பிட ஒருத்தராவது வந்திருக்காரு."

நான் ஒளியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். இடுப்புக்குக் கீழே மறைத்துக்கொண்டு முறையாகப் பேச வேறு இடம் கிடைக்கவில்லை. அங்கிருந்து கை கூப்பினேன். கை முழுக்க நுரை.

"மச்சான், நீங்க நாளைக்குத்தான் வர்றீங்க," என்றேன்.

"நானா?"

"கணக்குப்படி."

"அப்ப இப்ப நான் எங்க இருக்கேன், மாப்ளே?"

"ஜகார்த்தாவுல."

அவர் மனைவி பக்கம் திரும்பி, நாம் ஜகார்த்தாவிலா இருக்கிறோம் என்று கேட்டார். அந்த அம்மாள் பனிக்கட்டிப் பெட்டியைப் பார்த்தாள். மீன் நாற்றத்தைப் பார்த்தால் அதைத் தாண்டி வந்துவிட்டது போலத்தான் இருக்கிறது என்றாள்.

மச்சான் சிரிக்கவில்லை. விமான நிலையத்தில் தனக்காக ஒரு வண்டிகூட நிற்கவில்லை என்றும், தானே வாடகைக்குக் கார் பிடித்து வந்ததாகவும், இப்போது இந்த வாசலும் இப்படி இருப்பதாகவும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஓர் அடி பின்னால் வைத்தார். தம்பி மகன்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவர்கள் உலோஸ் பெட்டியைக் காருக்குள் திரும்ப வைத்தார்கள்.

அந்தக் காரின் கதவு மூடும் சத்தம் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது பெரியப்பாதான். அவர் கடைசிவரை சாலையைப் பார்க்காத நாற்காலியில்தான் உட்காருவார்.

அதற்குள் ருமொண்டாங் சமையலறையிலிருந்து வந்துவிட்டாள், கையில் கரண்டியோடு. லம்ரியாவும் வந்தாள். நான் தடுப்பதற்குள் அந்தத் தாளைக் கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்துவிட்டாள். மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அவர் விரல் சிவப்பு மையில் போய் நின்றது.

"இத திருத்துனது யாரு?"

ருமொண்டாங் கரண்டியைப் பார்த்தாள். லம்ரியா பன்றியைப் பார்த்தாள். அச்சகத்தின் மேல் போட்டிருக்கலாம். மாருலியின் மேல் போட்டிருக்கலாம், அவன் கொஞ்சம் தகுதியானவனும்கூட. ஆனால் எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை.

"நான்தான், மச்சான்," என்றேன். "போறப்ப ஏழரை மணி நேரம் ஆச்சு. வர்றதுக்கும் ஏழரைன்னு போட்டேன்."

"இந்தப் பதினொன்னு?"

"அச்சுப் பிழைன்னு நெனச்சேன்."

அவர் தாளை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தெரிந்த என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். அவரும் மூத்தவர். அவர் வீட்டிலும் ஒரு வாசல் இருக்கிறது. பிறகு சட்டைக் கையை ஏற்றிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"லம்ரியா, உங்க ஊருல இப்ப மணி என்ன?"

"மூணரை, மாமா."

"என் கடிகாரத்துல அஞ்சரை. சென்தானியில வச்சது, இன்னும் மாத்தல." பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, நான் அஞ்சரைக்கு வந்தவன். உங்க ஊருல அஞ்சரை இன்னும் ஆகல. அதனால நான் இன்னும் வரல. சரிதானே?"

சரியாகத்தான் பட்டது. இதைவிட நல்ல கணக்கை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

"இங்க அஞ்சர அடிக்கிறப்ப வாசலுக்கு வருவேன்," என்றார். "அப்பவும் யாரும் இல்லன்னா, சவுத்துக்கு வேற மாமன் பாத்துக்குங்க."

கார் நூறு அடி தள்ளி, பலா மரத்து நிழலில் போய் நின்றது. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார்கள். மீன் பெட்டி இருந்ததால் உடனே இறக்கினார்கள்.

இரண்டு மணி நேரம் எவ்வளவு சிறியது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலில் பன்றியைப் பிடிக்க வேண்டியிருந்தது. அது நெல் வயலில் இறங்கிவிட்டது. அக்கம்பக்கத்தார் நாலு பேர் கூடிப் பிடித்தார்கள், பிடித்துப் பிடித்து விட்டார்கள், ஏனென்றால் சோப்பை யாரும் கழுவவில்லை. தாய்மாமன் வீட்டார் எங்கள் வீட்டில் வேலை செய்யக் கூடாது என்பதால் தம்பி மகன்கள் காருக்குள்ளிருந்தே இடது பக்கம், வலது பக்கம் என்று வழி சொன்னார்கள். இரண்டு முறை தவறாகச் சொன்னார்கள். வளைவைத் தூக்கி நிறுத்தினோம். ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த பக்கம் ஒரு வாழை மரத்தை வெட்டி முட்டுக் கொடுத்தோம். பிறகு மேளம். பலிகேயிலிருந்து ஆறு பேரைத் திரட்டிக் கொண்டுவர வேண்டும், அது அரை நாள் வேலை. லம்ரியா ஒரே ஒரு போன் செய்தாள். கால் மணி நேரத்தில் ஆறு பேரும் கோட்டு சூட்டோடு, தாளங்களோடு வந்து இறங்கினார்கள். அவ்வளவு விரைவாக எப்படி வந்தார்கள் என்று நான் இன்றுவரை அவளைக் கேட்கவில்லை.

இதற்கிடையில் ருமொண்டாங் ஒரு பெரிய தட்டில் சோறும் கறியும் எடுத்துக்கொண்டு பலா மரத்தை நோக்கி நடப்பதைப் பார்த்தேன். வாசலுக்குள் வராத தாய்மாமனுக்குச் சோறு போடுவது முறையல்ல என்று தடுத்தேன்.

"வந்தவங்களுக்குப் போட்டாத்தான் முறை பாக்கணும்," என்றாள். "இவங்கதான் வரவே இல்லயே." காரின் பின் இருக்கையில் அண்ணனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். பல வருடம் கழித்து அண்ணனைப் பார்க்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வளைவைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

நாலரை மணி இருக்கும். மாருலி கள்ளுக்கடையிலிருந்து சாலை வழியே வந்துகொண்டிருந்தான். நான் கோட்டுக்குள் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்தேன், ஓட முடியவில்லை. மாருலி பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. அவன் காரின் பக்கம் வந்து நின்றான். குனிந்தான். உள்ளே கறுப்புக் கோட்டோடு மச்சான் எலும்பு கடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா வந்துட்டீங்களா?" என்று மாருலி கேட்டது எனக்கு இங்கே வரை கேட்டது.

மச்சான் எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல. ஜகார்த்தாவுல இருக்கேன்."

மாருலி நிமிர்ந்து ஏரியைப் பார்த்தான். பலா மரத்தைப் பார்த்தான். மறுபடி குனிந்தான். அப்போது மச்சான் மிகவும் மரியாதையாக, வரவேற்பு வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு என்று சபைப் பேச்சாளரே கடையில் எழுந்து நின்று அறிவித்ததாகத் தங்கை சொன்னாள், அந்தக் கணக்குப்படி தான் இப்போது எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டாராம். நாற்பது வருடமாகச் சபையில் பதில் சொல்லி வருகிறவன் மாருலி. தாய்மாமன் இங்கே இருப்பதாக அவன் ஊரில் சொன்னால், அவன் அறிவித்தது தப்பு. அறிவித்தது சரி என்றால், காரில் யாரும் இல்லை.

"ஜகார்த்தாவுலதான், மாமா," என்றான் கடைசியில். "நல்லா சாப்பிடுங்க." பிறகு கோட்டு மாற்றிக்கொண்டு வரத் தன் வீட்டுக்கு ஓடினான். மாருலி ஓடி நான் பார்த்ததில்லை.

ஐந்து இருபத்தெட்டுக்கு நான் வாசலில் நின்றேன். கறுப்புக் கோட்டு, தோளில் துணி. என் இடப்பக்கம் மாருலி, மூச்சு வாங்கிக்கொண்டு. பின்னால் எங்கள் வீட்டார், அக்கம்பக்கத்தார், நெற்றியில் சேறோடு நாலு பேர். ருமொண்டாங் காரிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். கார் அவ்வளவு மெதுவாக அந்த நூறு அடியைக் கடந்தது. ஐந்தரைக்கு மேளம் எழுந்தது. மச்சான் இறங்கினார். தம்பி மகன்கள் பெட்டியை வெளியே எடுத்தார்கள். நான் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு, மேளத்துக்கு ஏற்ப அடி வைத்து, குனிந்து அழைத்தேன். என் முழங்கால்கள் ஒத்துழைத்தன.

வாசலைத் தாண்டியதும் முறைப்படி அவர் பேச வேண்டும். எங்கிருந்து வந்தோம், எப்படி வந்தோம் என்று சொல்ல வேண்டும். காலை ஏழரைக்குச் சென்தானியில் கிளம்பினோம், மாலை ஐந்தரைக்கு இந்த வாசலுக்கு வந்தோம், பத்து மணி நேரம் பயணம் செய்து தங்கை மகனைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எல்லாரும் ஆமென் போல ஒரு ஓசை எழுப்பினார்கள். எனக்குப் பின்னால் லம்ரியா விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, கூட்டிப் பார்த்தால் உண்மையில் அவ்வளவுதான் வருகிறது அப்பா என்றாள். எனக்கு அதில் வியப்பில்லை. பெரியவர்கள் சொல்லும் கணக்கு கடைசியில் சரியாகத்தான் வரும்.

ஒரு சிக்கல் மட்டும் மீதி இருந்தது. மாருலியின் அறிவிப்பை நம்பி, வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு ஊரே நல்ல உடை உடுத்தி எங்கள் சாலையில் வந்து நின்றது. வரவேற்பு முடிந்துவிட்டது என்று சொன்னால், ஏன் முடிந்தது என்று கேட்பார்கள். மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு, கொல்லை வழியாகப் போய்க் காரில் ஏறினார். பலா மரத்தடியிலிருந்து இன்னொரு முறை வந்தார். நான் இன்னொரு முறை அழைத்தேன். இரண்டாவது தடவை இருவருக்குமே பழகியிருந்தது, நன்றாகவே அமைந்தது. சந்தைப் பேச்சு மூன்று விதமாகப் பிரிந்தது இதனால்தான். ஒரு திருமணத்துக்குத் தாய்மாமன் இரண்டு தடவை வந்த வேறு வீடு இருந்தால் சொல்லட்டும்.

சனிக்கிழமை காலை, வெயில் ஏறும் முன்பே, சவுத்தின் தோளிலும் மணப்பெண்ணின் தோளிலும் சேர்த்து மச்சான் உலோஸைப் போர்த்தினார். பிறகு எங்களுக்கும் ஒன்று. அதை என்னையும் ருமொண்டாங்கையும் சுற்றி இழுத்து இறுக்கும்போது அவர் வாய் என் காதருகே வந்தது.

"அடுத்த தடவ எப்ப வருவேன்னு கேட்டுடுங்க, மாப்ளே."

"உங்கள நான் கேக்க மாட்டேன், மச்சான்," என்றேன். "உங்க தங்கச்சி கேப்பா."

துணிக்குள் எனக்குப் பக்கத்தில் நின்ற ருமொண்டாங், ஒரு போன்ல முடியறதுக்கு ஒன்பது நாள் கப்பல்ல வரணுமா என்று முணுமுணுத்தாள். மச்சான் அவள் தலையிலும் என் தலையிலும் அரிசியைத் தூவினார். என் தலையில் கொஞ்சம் பலமாகத்தான் விழுந்தது.